எனக்கு டிராயிங் வராதுங்க!

எந்த ஹாஸ்டல் ரூமுக்கு வேணும்னாலும் போய், ஒரு பேப்பரையும் ஸ்கெட்ச் பேனாவையும் நீட்டி, ‘ஏதாவது வரைஞ்சு கொடு’ன்னு கேட்டுப் பாருங்க. ‘அய்யய்யோ, எனக்கு டிராயிங் சுத்தமா வராதுப்பா’ என்றுதான் பதில் வரும். இதே ஆள்தான் யு.கே.ஜி. படிக்கும்போது வீட்டுச் சுவர் முழுக்கக் கிரேயானால் யானை வரைந்து அடி வாங்கியவர். அந்த யானைக்கு அஞ்சு கால் இருந்திருக்கும். அதுக்காக அவர் ஒரு நிமிஷம்கூடக் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

நடுவில் என்னதான் ஆச்சு? டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கினார். பத்தாவது வந்ததும் வாட்டர் கலர் டப்பா பரண் மேல் ஏறிடுச்சு. அப்புறம் நாம் வரைந்ததெல்லாம் ரெக்கார்டு நோட்டில் தவளையின் இதயமும், செம்பருத்திப் பூவின் நெடுக்குவெட்டுத் தோற்றமும்தான். அதுக்கும் மார்க்! ஓரத்தில் சிவப்பு மையில் ‘நீட்டாக இல்லை’ன்னு ஒரு கமென்ட். படம் வரையறதும் பரீட்சை எழுதற மாதிரின்னு மனசுல பதிஞ்சு போச்சு.

இப்போ விஷயத்துக்கு வருவோம். 2016-ல் அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 18 முதல் 59 வயது வரை 39 பேர். முன்னால் களிமண், மார்க்கர் பேனா, வெட்டி ஒட்டுறதுக்குக் காகிதம். 45 நிமிஷம் டைம். என்ன செய்யணும்னு யாரும் சொல்லலை, அவங்கவங்க இஷ்டம். ஆரம்பிக்கும் முன்பும் முடிந்த பின்பும் எச்சிலை எடுத்து அதில் கார்ட்டிசால் எவ்வளவு இருக்கு என்று பார்த்தார்கள். டென்ஷன் ஆனால் உடம்பில் ஏறுகிற ஹார்மோன் அது. செமஸ்டர் ரிசல்ட் வரும் நாளில் நமக்கெல்லாம் எகிறுமே, அதே சரக்கு! சுமார் 75 சதவீதம் பேருக்கு அது இறங்கியிருந்தது.

ஏற்கெனவே வரைந்து பழகியவர், பிரஷ்ஷைத் தொட்டே பார்க்காதவர் என்ற வித்தியாசம் அந்த ரிசல்ட்டில் தெரியவே இல்லை என்பதுதான் இதில் ஹைலைட். ‘எனக்கு வராதே’ என்பவருக்கும் சேர்த்துதான் இறங்கியிருக்கிறது.

உடனே ‘மருந்து கிடைச்சாச்சு’ன்னு குதிக்க வேண்டாம். சிலருக்கு ஏறியும் இருக்கு. தவிர, கார்ட்டிசால் காலையில் உச்சத்தில் இருந்து, பொழுது போகப் போகத் தானாகவே குறையக்கூடியது. சும்மா உட்கார்ந்திருந்த இன்னொரு கோஷ்டியோடு ஒப்பிட்டும் பார்க்கலை. அதனால் இதை ஒரு நல்ல ஆரம்பம் என்று மட்டும் வெச்சுக்குவோம்.

எனக்கு இதைவிட ரொம்பப் பிடித்தது 2005-ல் வெளியான இன்னொரு ஆய்வு. இதில் மாட்டினது காலேஜ் பசங்க, 84 பேர். முதலில் அவர்களைப் பயமுறுத்திய ஒரு சம்பவத்தை எழுதச் சொல்லி நல்லா டென்ஷன் ஏத்திவிட்டார்கள். அப்புறம் மூணு குரூப். ஒரு குரூப்புக்கு வட்டத்துக்குள் கோடும் இதழுமாக ஒரு மண்டலா டிசைன். இன்னொன்றுக்குக் கட்டம் போட்ட டிசைன். மூணாவது குரூப்புக்கு வெறும் வெள்ளைப் பேப்பர். ‘கலர் அடிங்க’ என்று 20 நிமிஷம் விட்டார்கள். மண்டலாவுக்கும் கட்டத்துக்கும் கலர் அடித்தவர்களின் பதற்றம் நன்றாகவே குறைந்தது. வெள்ளைப் பேப்பர்காரர்களுக்கு அந்த அளவுக்கு இல்லை.

ஏன்? ‘என்னத்தை வரையறது’ன்னு வெள்ளைப் பேப்பரே ஒரு கேள்வித்தாளா மாறிடுது என்பது என் கணக்கு. நம்ம ஊர் அம்மாக்களுக்கு இந்தப் பிரச்னையே கிடையாது. பதினைஞ்சு புள்ளி, எட்டு வரை ஊடுபுள்ளின்னு வெச்சுட்டா, அடுத்து கை தானாப் போகும். மார்கழிக் குளிரில் குனிந்து சிக்குக் கோலம் போடுகிறவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்க, ‘உஷ்’னு ஒரு கையைக் காட்டுவார். அந்த அரை மணி நேரத்தில் பால் பாக்கி, வாடகை பாக்கி எதுவும் அவர் தலைக்குள் இருக்காது. இழை தப்பிடக் கூடாதே!

இந்த விஷயம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த கதையும் இருக்கிறது. ஏட்ரியன் ஹில் என்ற பிரிட்டிஷ் ஓவியர் 1938-ல் காசநோய் வந்து சானடோரியத்தில் படுத்துவிட்டார். படுக்கையிலிருந்தே கண்ணில் பட்டதை வரைய ஆரம்பித்தார். பிறகு மற்ற நோயாளிகளுக்கும், போரில் அடிபட்டு வந்த சிப்பாய்களுக்கும் பென்சிலைக் கொடுத்தார். ‘ஆர்ட் தெரபி’ என்ற பெயரே 1942-ல் அவர் வைத்ததுதான்.

ஒன்று மட்டும் சீரியஸாகச் சொல்லிடறேன். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கலை, வாழ்றதே வேண்டாம்னு தோணுதுன்னா, கிரேயானைத் தேடாதீங்க. டாக்டரைப் பாருங்க. 14416-க்கு போன் போட்டால் அரசின் டெலி மானஸ் சேவையில் தமிழிலேயே பேசலாம். படம் வரைவது அதோடு சேர்த்துத்தான், அதற்குப் பதிலாக அல்ல.

கடைசியாக வின்ஸ்டன் சர்ச்சில். காந்தியை 1931-ல் ‘அரை நிர்வாணப் பக்கிரி’ என்று நக்கல் அடித்த மனுஷன், நமக்கு ஆகாத ஆள்தான். ஆனாலும் கேளுங்க. 1915-ல் டார்டனெல்ஸ் தாக்குதல் தோற்றுப்போனதில் கடற்படை அமைச்சர் பதவி பறிபோனது. வயசு 40. எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு ஒடிந்து கிடந்தவர், தம்பி மனைவி வாட்டர் கலர் அடிப்பதைப் பார்த்துத் தானும் பிரஷ் எடுத்தார். பெரிய கேன்வாஸ் முன்னால் நின்று, பயந்து பயந்து அவரைக்கொட்டை சைஸில் ஒரு நீலப் பொட்டு வைத்தார். அந்த நேரம் பார்த்து காரில் வந்து இறங்கினார் ஹேஸல் லேவரி என்ற பெண்மணி. ‘இப்படியா பண்ணுவாங்க?’ன்னு பெரிய பிரஷ்ஷை வாங்கி நீலத்தில் தோய்த்து, கேன்வாஸில் சரமாரியாக இழுத்துவிட்டார். அதோடு பயம் போனது என்று சர்ச்சிலே எழுதியிருக்கிறார். சாகிறதுக்குள்ள 500-க்கும் மேல் வரைஞ்சு தள்ளினார்.

ஆக, சர்ச்சில் மாதிரி கேன்வாஸ் எல்லாம் வாங்கிச் செலவு பண்ணாதீங்க. ரெக்கார்டு நோட்டில் மிச்சம் கிடக்கிற பக்கமே போதும். முதல் ஒரு மாசம் ஸ்டேட்டஸில் மட்டும் போட்டுடாதீங்க. லைக்கை எண்ண ஆரம்பிச்சீங்கன்னா திரும்பவும் மார்க்குதான், திரும்பவும் சிவப்பு மைதான். ரூம்மேட் எட்டிப் பார்த்து, ‘என்னடா இது, நாயா, மாடா?’ன்னு கேட்டா, ‘தெரியலை மச்சி, இன்னும் முடியலை’ன்னு சொல்லிட்டு வேலையைப் பாருங்க.