பகவதி கேட்ட வரியும் இன்றைய வரியும்

அமெரிக்காவிலிருந்து ரொக்கம் செலுத்திப் பிற நாடுகளுக்கு அனுப்பப்படும் பணத்துக்கு 2026 ஜனவரி முதல் 1% வரி விதிக்கப்படுகிறது. அங்குள்ள வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புவோருக்கு இவ்வரி இல்லை. எனவே, சுமை பெரும்பாலும் எளிய தொழிலாளர்கள் மீதே விழும்.

இச்செய்தி ஜகதீஷ் பகவதியை நினைவூட்டியது. மும்பையில் 1934-இல் பிறந்து, எம்.ஐ.டி.யிலும் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய அவர், பன்னாட்டு வணிகக் கோட்பாட்டுக்காகவே பெரிதும் அறியப்படுபவர். ஆனால், 1970-களில் அவர் முன்வைத்த யோசனை ஒன்று இன்றும் சிந்திக்கத்தக்கது. வளரும் நாடுகளிலிருந்து வளர்ந்த நாடுகளுக்குக் குடியேறும் மருத்துவர், பொறியாளர் போன்றோரின் வருமானத்தில் சிறு கூடுதல் வரி வசூலித்து, ஐ.நா. வழியாக வளரும் நாடுகளின் மேம்பாட்டுக்கு அளிக்க வேண்டும் என்றார் அவர். படித்தோரின் வெளியேற்றம் தாயகத்தின் ஊதியத்தையும் வேலைவாய்ப்பையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதை ஹமாதாவுடன் இணைந்து 1974-இல் ஆராய்ந்தார்.

வேற்று நாட்டுக்காக எந்த அரசு வரி வசூலித்துத் தரும் என்று வகுப்பில் அந்த யோசனையை நான் எளிதாக ஒதுக்கியதுண்டு. அதைக் கேட்ட மாணவர்கள் சிலர் இன்று அமெரிக்காவில்தான் இருக்கிறார்கள்!

இப்போது வரி வந்துவிட்டது. வருவாயோ அமெரிக்கக் கருவூலத்துக்கு. அங்கே பத்தாண்டு நிறைவதற்குள் தாயகம் திரும்பும் இந்தியர் செலுத்திய சமூகப் பாதுகாப்புத் தொகையும் ஓய்வூதியமாகத் திரும்புவதில்லை. இரு நாடுகளுக்கிடையே அதற்கான ஒப்பந்தம் இல்லை. வர்த்தகப் பேச்சுகளில் இறக்குமதித் தீர்வைக்கு இணையாக இந்தியா இதை வலியுறுத்த வேண்டும்.