குடும்ப நலம்: பதறும் நரம்பை அடக்கும் பிரஷர் குளிசை

 

தெருவில் ஒரு நாய் பாய்ந்து வந்தால் உங்கள் நெஞ்சு படபடக்கிறது, கை குளிர்கிறது, வாய் காய்கிறது. ஆபத்து வேளையில் நம்மைக் காக்கவென்றே வல்ல அல்லாஹ் அமைத்து வைத்த ஏற்பாடு இது. பரிவு நரம்புத் தொகுதி என்று வைத்தியர்கள் இதனை அழைப்பர். இந்நரம்புகளின் நுனியிலிருந்து நோரட்ரினலினும், சிறுநீரகங்களுக்கு மேலுள்ள சுரப்பிகளிலிருந்து அட்ரினலினும் சுரக்கின்றன. இருதயம் வேகமாக அடிக்கிறது, சிறு நாடிகள் சுருங்குகின்றன, உப்பையும் நீரையும் உடலில் தேக்கும்படி சிறுநீரகம் தூண்டப்படுகிறது. மூன்றும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஏறத்தானே செய்யும்!

சிலருக்கு நாயும் இல்லை, பயமும் இல்லை. ஆயினும் இந்நரம்பு ஓயாது வேலை செய்துகொண்டே இருக்கும். அதை அடக்கும் மருந்துகளைப் பற்றியே இம்மாதம் பேசுகிறோம்.

நம் பக்கத்து நாடான இந்தியாவின் சர்ப்பகந்தி வேர் இதில் முன்னோடி. 1931இல் ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கி என்ற விஞ்ஞானி அவ்வேரிலிருந்து ஒரு சத்தைப் பிரித்து, தன்னை ஆதரித்த யூனானி மேதை ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரால் அஜ்மலின் என்று பெயரிட்டார். (நம் பிள்ளைகளுக்கு இப்பெயர்களைச் சொல்லிக் கொடுக்கிறோமா?) அதே வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்ட ரிசர்பின்தான் பிரஷர் மருந்தாயிற்று. நரம்பு நுனியில் சேர்ந்திருக்கும் நோரட்ரினலினை அது வற்றச் செய்யும். மனச்சோர்வைத் தருகிறது என்ற முறைப்பாட்டால் பின்னர் அதன் பாவனை குறைந்தது.

அட்ரினலின் திறப்பு என்றால், அது நுழையும் பூட்டுகள் அல்பா, பீட்டா என இரு வகை. இதனை 1948இல் ஆல்குவிஸ்ட் என்பவர் எடுத்துக் காட்டினார். இருதயத்திலுள்ள பீட்டாப் பூட்டை அடைக்கும் புரொப்ரனலோலை 1960களில் உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. அட்டனலோல், பிசோப்ரொலோல் யாவும் இக்குடும்பமே. வேறு வருத்தமில்லாத வெறும் பிரஷருக்கு இன்று இவற்றை முதலில் கொடுப்பது குறைவு. மாரடைப்பு வந்தவர், நெஞ்சுவலியுள்ளவர், இருதயம் பலவீனமானவர் ஆகியோருக்கே பெரிதும் பயன்படுகின்றன.

பீட்டாப் பூட்டு சுவாசக் குழாயிலும் உண்டு. அதை அடைத்தால் குழாய் ஒடுங்கும். உங்களுக்குக் கேட்ட குளிசையை, "எனக்கும் படபடப்பு" என்று வரும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தீர்களானால், அவருக்கு ஆஸ்மா இருந்தால் உயிருக்கே ஆபத்து. இரக்கத்தினால் செய்தாலும் அது இரக்கமாகாது.

இன்னொன்று. பூட்டுகள் அடைபட்டிருக்கும் காலத்தில் உடல் புதிய பூட்டுகளை உண்டாக்கிக் கொள்கிறது. நோன்பு வந்துவிட்டதென்றோ, சுகமாகிவிட்டதென்றோ ஒரே நாளில் குளிசையை நிறுத்தினால் அட்ரினலின் அத்தனை பூட்டுகளிலும் ஒன்றாகப் பாயும். நெஞ்சுவலி, மாரடைப்பு கூட வரலாம். ஷஃபானிலேயே வைத்தியரைக் கேளுங்கள். ஸஹருக்கோ இப்தாருக்கோ ஏற்றவாறு அவர் நேரத்தை மாற்றித் தரக்கூடும். நோன்பே கூடாதென்று அவர் சொன்னால், நோயாளிக்கு ஸூரத்துல் பகரா தந்த சலுகையை மறுக்க நாம் யார்?

பிரசோசின் போன்றவை நாடிகளிலுள்ள அல்பாப் பூட்டை அடைத்து அவற்றை விரிக்கும். முதல் வேளைக் குளிசையைப் படுக்கும்போது எடுக்கச் சொல்வது, எழுந்தவுடன் தலைசுற்றி விழாதிருக்கவே. பஜ்ருக்கு விழித்தால் கட்டிலில் சற்று இருந்துவிட்டு வுழூவுக்குப் போங்கள். ஸுஜூதிலிருந்து எழும்போதும் அவசரம் வேண்டாம். விழுந்துவிடுவோம் என்றால் இருந்து தொழலாம்.

கர்ப்பிணிகளுக்கு மெதில்டோபா பல்லாண்டுகளாகப் பழக்கத்திலுள்ளது. அது மூளையிலிருந்தே இந்நரம்பின் உத்தரவைக் குறைக்கிறது. உம்மாவின் அட்டனலோலைக் கர்ப்பிணி மகள் விழுங்கலாகாது; குழந்தையின் வளர்ச்சி குன்றலாம்.

சீனி வருத்தத்துக்கும் மருந்தெடுப்பவர்களே, சீனி மிகவும் குறையும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் பீட்டா மருந்து மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. நோன்புடன் இருக்கையில் காரணமின்றி வியர்த்தால் உடனே சீனியைப் பாருங்கள். 70க்குக் கீழென்றால் நோன்பை விட்டுவிட்டு இனிப்பாக எதையாவது குடியுங்கள். விரலில் குத்தி இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது.