ரூபாயின் வீழ்ச்சியும் போலீஸ் சம்பளமும்

நாணயத்தின் மதிப்புக் குறைந்தால் அதில் சம்பளம் பெறுவோர் அனைவருக்கும் நஷ்டம் உண்டாகிறது. அந்த நஷ்டத்தை யாருக்கு ஈடு செய்வது, யார் பணத்திலிருந்து ஈடு செய்வது என்பதை நிச்சயிப்பது சர்க்கார். பிரிட்டிஷ் ஆட்சியில் ரூபாய் சரிந்த காலத்தில் போலீஸ் இலாகாவின் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் வழங்கப்பட்ட நியாயம் இவ்வுண்மையை நன்கு விளக்குகிறது.

நமது ரூபாய் வெள்ளி நாணயம்; இங்கிலாந்தின் பவுன் தங்க நாணயம். 1870-ஆம் ஆண்டையொட்டி ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 2 ஷில்லிங் கிடைத்து வந்தது. 1871 முதல் ஜெர்மனி தங்க நாணயத்துக்கு மாறித் தன் வெள்ளியை விற்கத் தொடங்கிற்று. அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து புது வெள்ளியும் வந்து குவிந்தது. வெள்ளி விலை விழ, ரூபாயும் உடன் விழுந்தது. 1892-93-ல் அது 1 ஷில்லிங் 3 பென்ஸுக்கு இறங்கிற்று. 1894-95-ல் 1 ஷில்லிங் 1 பென்ஸ் அளவுக்குத் தாழ்ந்தது.

இதனால் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் கஷ்டப்பட்டது மெய்யே. மாதம் 600 ரூபாய் வாங்கும் போலீஸ் சூபரின்டென்டெண்டு ஒருவர் பாதியைச் சீமையிலுள்ள குடும்பத்துக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். பழைய விகிதத்தில் 300 ரூபாய் 30 பவுனாகும். 1 ஷில்லிங் 3 பென்ஸ் விகிதத்தில் அது 18 பவுன் 15 ஷில்லிங்தான். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம் ரூபாயோடு சேர்ந்து குறைந்துவிடாது. ஆகவே அவர்கள் முறையிட்டதை நாம் குறை கூறவில்லை.

சர்க்கார் அம்முறையீட்டுக்குத் தந்த விடையே ஆராயத்தக்கது. 1893-ஆம் ஆண்டில், இந்தியாவை நிலையான வாசஸ்தலமாகக் கொள்ளாத ஐரோப்பிய, யுரேஷிய உத்தியோகஸ்தர்களுக்கு மாற்று நஷ்ட ஈட்டுப் படி அளிக்கப்பட்டது. சம்பளத்தில் பாதியை, ஓர் உச்ச வரம்புக்குட்பட்டு, ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் கிடைப்பதாகக் கணக்கிட்டு, சந்தை விகிதத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் பொக்கிஷத்திலிருந்து கொடுக்கப்பட்டது. மேற்சொன்ன அதிகாரிக்கு அந்த விகிதத்தில் மாதம் 60 ரூபாய் அதிகம் வரும். பத்தாண்டுகளுக்குப் பின் கான்ஸ்டேபிளுக்குக் குறைந்தபட்சச் சம்பளமாகச் சிபார்சு செய்யப்பட்டது 8 ரூபாய். துரையின் படி மட்டும் ஏழு கான்ஸ்டேபிள்களின் முழுச் சம்பளத்தை விஞ்சிற்று!

அதே 1893-ல்தான் போலீஸ் உயர் உத்தியோகங்களுக்கு லண்டனில் பரீட்சை வைத்து ஆள் எடுக்கும் முறை தொடங்கிற்று. இந்தியருக்கு அதில் இடமில்லை. எனவே இப்படியைப் பெறத்தக்க பதவி, பெறத்தகாத பதவி என்ற பிரிவு நிறத்தின் பிரிவாகவே அமைந்தது. தாதாபாய் நௌரோஜியின் தலைமையில் அவ்வாண்டு லாகூரில் கூடிய காங்கிரஸ் இதைக் கண்டித்தது. 1899-ல் ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸில் நிலைபெற்றது. அதன் பிறகும் சம்பளத்தில் நூற்றுக்கு ஆறேகால் வீதம் படி நீடித்தது.

நிற்க. சங்ககிரி துர்க்கத்தின் அடிவாரத்தில் பாராக் காத்த கான்ஸ்டேபிளின் நிலை என்ன? அவன் சீமைக்குப் பணம் அனுப்பவில்லை. சந்தையில் கம்பும் கேழ்வரகும் வாங்கினான். 1876-78 பஞ்சம் சேலம் ஜில்லாவைச் சூறையாடிய பின், தானிய விலை ஏறும் போதெல்லாம் அவன் சம்பளம் சுருங்கிற்று. கடுமையான விலையேற்றத்தின்போது சிறு சம்பளக்காரருக்குத் தானியப்படி அளிக்கப்பட்டதுண்டு. ஆனால் அது பஞ்சத்தின் எல்லையில் எட்டிப் பார்க்கும் தருமம். மாதந்தோறும் கணக்கிட்டுத் தரும் உரிமையன்று.

அவனுக்கு மற்றொரு நஷ்டமும் நேர்ந்தது. 1893 ஜூன் மாதத்தில் சர்க்கார் நாணயசாலைகளைப் பொதுஜன வெள்ளிக்கு மூடிவிட்டார்கள். அதுவரை வெள்ளியைக் கொடுத்தால் ரூபாயாக அடித்து வாங்கலாம். அதன்பின் ரூபாய் ஏறிற்று, வெள்ளி தனியே வீழ்ந்தது. ஏழையின் சேமிப்பு பாங்கியில் இல்லை. மனைவியின் தண்டையிலும் காப்பிலும் இருந்தது. அடகுக் கடையில் அவற்றின் மதிப்புக் குறைந்ததற்கு ஈட்டுப் படி எவரும் வகுக்கவில்லை.

மேலோருக்கு ஈடு செய்த பணம் எங்கிருந்து வந்தது? இந்தியா லண்டனில் செலுத்த வேண்டிய கடன் வட்டியும், பென்ஷனும், சங்ககிரி வழியே செல்லும் மதராஸ் ரயில்வே போன்ற கம்பெனிகளுக்கு உத்தரவாதம் செய்த வட்டியும் பவுனில் இருந்தன. வரி மட்டும் ரூபாயில் இருந்தது. ரூபாய் விழ விழ வரி ஏறிற்று. 1886-ல் வருமான வரி வந்தது. 1888-ல் உப்பு வரி மணங்குக்கு 2 ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாயிற்று. கஞ்சிக்கு உப்பிட்ட நெசவாளியும், அவன் தெருவைக் காத்த கான்ஸ்டேபிளும் துரையின் மாற்று நஷ்டத்தைச் சுமந்தார்கள்.

சுமையைக் கான்ஸ்டேபிள் எங்கே இறக்கினான்? குடிகளின் தலையிலேயே இறக்கினான். சந்தை மாமூல், வண்டி மாமூல், புகார் எழுதக் காசு என்று அது பரவிற்று. 1902-03-ல் ஸர் ஆண்ட்ரூ பிரேஸரின் தலைமையில் விசாரித்த போலீஸ் கமிஷன் லஞ்சம் மலிந்திருப்பதைக் கண்டது. சம்பளம் ஜீவனத்துக்குப் போதாமையை ஒரு காரணமாக ஏற்றது. அதன் பின்னரே அந்த 8 ரூபாயைச் சிபார்சு செய்தது. லஞ்சத்தை நாம் மன்னிக்கவில்லை. ஆயினும் சர்க்கார் கொடுக்கத் தவறிய ஈட்டைச் சேவகன் பலாத்காரமாக வசூலித்தான் என்பதை மறைப்பதும் நேர்மையன்று.

இந்தக் கதை 1893-உடன் முடியவில்லை. 1924-ல் லீ கமிஷன், ஐரோப்பிய உத்தியோகஸ்தர்களின் கடல்கடந்த படியை, சந்தை விகிதம் தாழ்ந்திருந்தும், ரூபாய்க்கு 2 ஷில்லிங் வீதம் சீமைக்கு அனுப்ப இடங்கொடுக்கச் சிபார்சு செய்தது. போலீஸ் உயர் பதவியினரும் அதில் அடங்குவர்.

இன்று ரூபாய் நம்முடையது, சர்க்காரும் நம்முடையது. விலைவாசிக் குறியீட்டைப் பார்த்துச் சர்க்கார் ஊழியருக்குப் பஞ்சப்படி ஏறுகிறது. கான்ஸ்டேபிளும் அதைப் பெறுகிறார். அது நியாயமான சீர்திருத்தம். ஆனால் தறியில் உழைப்பவனுக்கும் தினக்கூலிக்காரனுக்கும் ரூபாயின் தேய்வை யார் அளந்து ஈடு செய்கிறார்கள்? அந்நிய ஆட்சியில் ஈடு கேட்கும் குரல் யாருக்கு இருந்ததோ அவருக்கே ஈடு கிடைத்தது. சுயராஜ்யத்திலும் அதுவே விதியாக இருக்கலாமா என்பதைச் சட்டசபைகளில் அமர்ந்திருப்போர் சிந்திப்பார்களாக.