அரியர் செல்லாத தேசம்

சிவகாசியின் தொழில் வரலாறே வெளியூருக்குக் கற்கப் போனதில்தான் தொடங்குகிறது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய், ஏறத்தாழ எட்டு மாதம் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வரவழைத்து அடுத்த ஆண்டே உற்பத்தியைத் தொடங்கினார்கள். எதைக் கற்கப் போகிறோம் என்பது கிளம்பும்போதே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று மதுரையிலும் சென்னையிலும் விமானம் ஏறும் நம் பிள்ளைகள் பலருக்கு எந்த நாட்டில் விசா சுலபம் என்பது தெரிகிறது. அங்கே வகுப்பறை எப்படி நடக்கும் என்பது தெரியவில்லை. ஐஇஎல்டிஎஸ் பயிற்சிக்கும் ஏஜென்சிக்கும் பணம் கட்டுகிற வீட்டில், அதைச் சொல்லித் தரவும் ஆள் இல்லை.

சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சியில் பெயர் பெற்றது. 2023-லும் 97.85 விழுக்காட்டுடன் மாநிலத்தில் முதலிடம். காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் ஸ்லிப் டெஸ்ட், இடையில் வினா வங்கி என்ற இந்தப் பயிற்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் கூலி வாங்கிய குடும்பங்களின் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கியது அதுதான். ஆனால் வெளிநாட்டில் முதல் செமஸ்டரில் காலை வாரிவிடுவதும் அதே பயிற்சிதான்.

இங்கே புத்தகத்தில் உள்ளதை வரி பிசகாமல் எழுதினால் முழு மார்க். அங்கே மூலத்தைச் சொல்லாமல் அதையே எழுதினால் திருட்டு. டர்னிட்டின் போன்ற மென்பொருள் எந்த வரி எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்துவிடும். திருடும் எண்ணமே இல்லாத பிள்ளை விசாரணைக் குழுவின் முன்னால் போய் நிற்க நேரும். மேற்கோள் காட்டுவது எப்படி என்று பல்கலைக்கழக நூலகங்களே இலவசமாகச் சொல்லித் தருகின்றன. முதல் வாரத்திலேயே அந்த வகுப்பில் உட்கார்ந்துவிட வேண்டும். சாட்ஜிபிடியைத் தொடலாமா, எதற்குத் தொடலாம் என்பது பாடத்துக்குப் பாடம் மாறும். ஆசிரியரிடமே கேட்டுவிடுவது நல்லது. கேள்வி கேட்பவன் படிக்காதவன் என்ற எண்ணத்தை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டுப் போகவேண்டும். பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் நேரத்தில் யாருமே வராவிட்டால் அவர் அதைப் பணிவு என்று நினைப்பதில்லை.

ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. நம் பொறியியல் கல்லூரிகளில் அரியர் என்பது பாதி வேடிக்கைப் பேச்சு. தவறிய தேர்வை அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுத முடியும். மூன்றாவது முறையும் தவறினால் அந்தப் படிப்பிலிருந்தே வெளியேற்றுவார்கள். அந்நாட்டில் வேறெங்கும் அதே படிப்பில் சேருவதும் பெரும்பாலும் முடியாது. படிப்பு போனால் விசாவும் ஆட்டம் காணும். தேர்வுக்கு வருகிறேன் என்று தனியாகப் பதிவு செய்யவும் வேண்டும்; அதற்கு ஒரு கடைசித் தேதி உண்டு. நினைவூட்ட அங்கே வகுப்பாசிரியர் கிடையாது. ஆகவே போய் இறங்கியதும் படிக்க வேண்டிய முதல் நூல் அந்தப் படிப்பின் தேர்வு விதிமுறைதான்.

அடுத்தது பணம். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பதைக் கேட்டு நடுத்தரக் குடும்பங்கள் துணிகின்றன. ஆனால் ஓராண்டுச் செலவுக்கென்று 11,904 யூரோவை முன்கூட்டியே முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். மாதம் 992 யூரோதான் அதிலிருந்து எடுக்கலாம். இங்கே அரசு வங்கிகளில் ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வழக்கமாகச் சொத்துப் பிணை கேட்பார்கள். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம் என்றாலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது என்ற பயத்தில்தான் பிள்ளை அனுமதிக்கப்பட்ட நேரத்துக்கு மேல் வேலைக்குப் போகிறது. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் பாடம் நடக்கும் வாரங்களில் 20 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் விசாவையே இழக்கலாம். இரவெல்லாம் வேலை, காலையில் வகுப்பில் தூக்கம், வீடியோ காலில் மட்டும் "நல்லாருக்கேம்மா."

இதற்கு மருந்து ஊரிலேயே இருக்கிறது. கிளம்பும் முன் அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் உட்கார்ந்து மொத்தக் கடன் எவ்வளவு, தவணை எப்போது, வேலை கிடைக்கத் தாமதமானால் என்ன செய்வது என்று ஒரே தாளில் எழுதிவிட வேண்டும். ஒரு பாடத்தில் தோற்றால் மறைக்காமல் சொல்லலாம் என்ற உறுதியையும் பெற்றோர் அப்போதே கொடுத்துவிட வேண்டும். மோசடிகளையும் அப்போதே பேசிவிட வேண்டும்: அங்கே வாடகை வீட்டைப் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பினால் பணம் போகலாம்; 'என் பணம் உன் கணக்கில் கொஞ்ச நாள் இருக்கட்டும்' என்பவருக்கு இணங்கினால் அது போலீஸ் வரை கொண்டுபோகும்.

சமையல், குளிர், தனிமை பற்றி யூடியூபில் ஏராளமாகப் பேசியாகிவிட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன். பிரிட்டனுக்குப் போகும் மாணவர் விசாவோடு சேர்த்து ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் செலுத்துகிறார். ஆனாலும் பலர் உள்ளூர் மருத்துவரிடம் பதிவு செய்யாமல், ஊரிலிருந்து கொண்டுபோன மாத்திரையிலேயே குளிர்காலத்தைத் தள்ளுகிறார்கள். கட்டிய பணத்துக்காவது முதல் வாரத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம். மனம் சோர்ந்தால் பேச, பல்கலைக்கழகத்திலேயே ஆலோசகர் உண்டு.

  

இதையெல்லாம் ஒவ்வொரு குடும்பமும் தனியாகச் சமாளிக்க வேண்டியதில்லை. விருதுநகரில் கல்வி அரசுப் பணத்தால் மட்டும் வளரவில்லை. வியாபாரிகள் வருமானத்தில் ஒரு பங்கைப் பொதுக்காரியத்துக்கு மகமையாகக் கொடுத்தார்கள், வீடுதோறும் பள்ளிக்கென்று பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலா அப்படி நடந்த பள்ளி. அந்த வழக்கத்துக்கு இன்று புதிய வேலை இருக்கிறது. நம் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டு ஒவ்வோர் ஆண்டும் ஜூனில் இரண்டு நாள் வகுப்பு நடத்தலாம். அவசரத்தில் சிக்கிய மாணவருக்கு வட்டியில்லாக் கைமாற்றாகக் கொடுக்க மகமையில் ஒரு பங்கை ஒதுக்கலாம். மகமைச் சங்கங்களும் கல்லூரி நிர்வாகங்களும் இதைச் சேர்ந்து செய்ய வேண்டும். அடுத்த செப்டம்பரில் சேரப்போகும் பிள்ளைகள் இப்போதே விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.