டெலிபோனில் சுயராஜ்யம்

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலைத் தரிசித்தவர் எவரும் அதன் சுற்றுமதில் சிதைந்து கிடப்பதைக் கண்டு வருந்தாதிரார். 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, அந்நிய சர்க்கார் அம்மதிலின் கற்களைப் பெயர்த்துச் சென்றது. அணையால் விவசாயம் பயனடைந்ததை நாம் மறுக்கவில்லை. ஆயினும், பெயர்த்த இடத்தில் அதற்கு ஈடான மதில் எழவில்லை என்பதும் உண்மையே.

இன்று வீட்டு டெலிபோன் விஷயத்தில் அத்தகைய மாறுதல் ஒன்று நடைபெற்று வருகிறது. தேசமெங்கும் செப்புக் கம்பிகள் படிப்படியாக விலக்கப்பட்டு, கண்ணாடி இழைகள் வருகின்றன. இம்மாறுதலை நாம் வரவேற்கிறோம். ஆனால், பழைய கம்பிக்குப் பதிலாக ஜனங்கள் கைக்கு வருவது என்ன என்பதே நமது கேள்வி.

முன்னர் எக்ஸ்சேஞ்சு என்பது பெரிய கட்டிடமும் பல யந்திரங்களும் கொண்டதாயிருந்தது. இப்பொழுதோ, உள்ளங்கையளவான ஒரு கம்ப்யூட்டரே வீட்டுக்கு எக்ஸ்சேஞ்சாக முடியும். அமெரிக்கரான மார்க் ஸ்பென்சர் 1999-ல் எழுதத் தொடங்கிய 'ஆஸ்டரிஸ்க்' என்ற மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தவும் செய்யலாம். பழைய டெலிபோன் கருவியையே ஒரு சிறு இணைப்பியால் இதனுடன் சேர்க்கலாம். ஒரு பேச்சுக்குப் போகவும் வரவும் தனித்தனியே நூறு கிலோபிட் வேகம்கூட வேண்டுவதில்லை. சிங்கப்பூருக்கோ வளைகுடா நாட்டுக்கோ பிழைக்கச் சென்ற மகன் தன் கைப்பேசியை அவ்வெக்ஸ்சேஞ்சில் பதிந்துகொண்டால், ஊரிலுள்ள தாய் மூன்று இலக்கங்களைச் சுழற்றி அவனுடன் பேசலாம், தனிக் கட்டணமில்லை.

"வாட்ஸப் இருக்க இதெல்லாம் எதற்கு?" என்பாருமுளர். அதில் செல்வது நமது பேச்சு; அதை நடத்தும் அதிகாரமோ கடல் கடந்த ஒரு கம்பெனியிடம் இருக்கிறது. அக்கம்பெனி நாளை விதியை மாற்றினால் நாம் முறையிட இடமேது? 1882-ல் சென்னைக்கு முதன்முதல் டெலிபோன் வந்தபோது அதை நடத்தியது ஓர் ஆங்கிலக் கம்பெனி. சென்னை, பம்பாய், கல்கத்தா டெலிபோன்கள் கம்பெனிகளிடமிருந்து சர்க்கார் வசம் வர 1943 ஆயிற்று. 1984-ல் ஏற்பட்ட ஸி-டாட் ஸ்தாபனம், குளிர்சாதனமின்றிக் கிராமத்து வெயிலையும் புழுதியையும் தாங்கும் எக்ஸ்சேஞ்சை நம்மவரே செய்ய வல்லவர் என்று நிரூபித்தது. இவ்வளவும் செய்து பெற்ற பாத்தியதையைச் சௌகரியத்துக்காக மீண்டும் கைவிடுவது விவேகமாகுமா?

நிற்க. இதிலுள்ள இடர்களை மறைப்பது பத்திரிகா தர்மமன்று. செப்புக் கம்பிக்கு வேண்டிய மின்சாரத்தை எக்ஸ்சேஞ்சே அனுப்பியது. ஆகவே, வீடு இருண்ட வேளையிலும் மணி ஒலித்தது. இழையின் முனையிலுள்ள பெட்டியோ மின்சாரம் நின்றதும் ஊமையாகும். 2011 டிசம்பரில் 'தானே' புயல் அண்டை ஜில்லாவாகிய கடலூரைச் சூறையாடிய பின், அங்கே பல கிராமங்கள் நாட்கணக்கில் இருளில் மூழ்கிக் கிடந்ததை மறந்துவிடலாகாது. மேலும், சாதாரணமான கடவுச்சொல்லை வைத்தவன் வீட்டு எக்ஸ்சேஞ்சில் திருடர் புகுந்து, அவன் கணக்கில் அயல்நாடுகளுக்குப் பேசிவிடுவதுமுண்டு. சுயராஜ்யமென்றால் காவற்பொறுப்பும் நம்முடையதே.

சட்டமும் எளிதாயில்லை. இணையவழிப் பேச்சு 2002 ஏப்ரல் 1-ல் அனுமதிக்கப்பட்டது. எனினும், உள்நாட்டுப் பொது டெலிபோன் எண்களோடு அது கலக்கலாகாதென்ற தடை நெடுங்காலம் நீடித்தது. 2018-ல்தான் லைசென்சு பெற்ற கம்பெனிகளுக்கு வழி திறந்தது. இன்றும் வெளி எண்களோடு பேச வேண்டுவோர் அத்தகைய கம்பெனி மூலமே இணைப்புப் பெற வேண்டும். குற்றங்களைத் தடுக்க இவ்விதி வேண்டியதே. ஆனால், பெரிய ஆபீசுகளுக்குத் தாராளமாய்க் கிடைக்கும் இணைப்பு, ஒரு விவசாயிக்கும் சிறு வியாபாரிக்கும் நியாயமான விலையில் கிடைக்க வேண்டாமா?

ஆகவே நாம் கோருவன இவை: மின்கலம் அளிக்காமல் எவ்வீட்டிலும் செப்புக் கம்பியை அகற்றலாகாது. 112, 108 ஆகிய அவசர எண்கள் புதிய ஏற்பாட்டிலும் தவறாது கிடைக்கச் செய்ய வேண்டும். சிறு உபயோகிப்போர்க்கான இணைப்பின் விதிகளைத் தமிழில், எவருக்கும் விளங்கும்படி வெளியிட வேண்டும். பாலிடெக்னிக்குகளில் இத்தொழிலைக் கற்பிக்க வேண்டும்.

நம் முன்னோர் ஏரியை வெட்டியதோடு நில்லாமல், குடிமராமத்தால் கரையையும் மதகையும் தாமே காத்து வந்தனர். ராஜேந்திர சோழன் சோழகங்கம் வெட்டிய மண்ணுக்கு இவ்வறிவு புதிதன்று. ஊருக்கு நாலு வாலிபர் இக்கலையைக் கற்றுக்கொள்வார்களாயின் போதும். நம் வீட்டு மணி பிறர் தயவில் ஒலிக்க வேண்டியிராது. சர்க்காரும் ஜனப் பிரதிநிதிகளும் இதைக் காலந்தாழ்த்தாது கவனிப்பார்களாக.