உமரிக்கு எத்தனை முகம்?

ஈ.சி.ஆரில் பாண்டிச்சேரி டூர் பஸ் மரக்காணத்தைத் தொட்டதும் ஜன்னல் ஓரம் இருக்கிற அத்தனை செல்போனும் தலையைத் தூக்கும். பாத்தி பாத்தியா உப்பளம், குவிச்சு வெச்ச உப்பு, பின்னாடி வானம்... செம போட்டோ! ஆனா அந்தப் படத்தின் அடியில், வரப்பு ஓரமா பச்சையும் சிவப்புமா ஒரு கோடு ஓடுமே, அதை ஜூம் பண்ணிப் பார்த்திருக்கீங்களா? இந்த வாரம் ஹீரோ அதுதான் ஃப்ரெண்ட்ஸ்.

'இதென்ன பெரிய விஷயம்? ஆப்பில் போட்டா பேரைச் சொல்லிடப் போகுது'ம்பீங்க. சொல்லும்தான். கடற்கரை மணலில் படர்ந்து கிடக்கிற அடும்புக் கொடியைக் காட்டினால் 'ஐபோமியா பெஸ்-காப்ரே'ன்னு பட்டுனு பதில் வரும். பெஸ்-காப்ரே என்றால் லத்தீனில் ஆட்டுக்கால். குறுந்தொகைப் புலவருக்கு அதே இலை மானின் அடியா தெரிஞ்சிருக்கு. ஆடோ மானோ, ரெண்டு பேரும் கவனிச்சது இலை நடுவில் இருக்கிற பிளவைத்தான். அப்படி பளிச்சுனு ஒரு அடையாளம் இருந்தால் போன் ஜெயிச்சுடும்.

உப்பள வரப்பில்தான் அது திணறும். உப்பு மண்ணில் பிழைக்கணும்னா தண்ணியைச் சேர்த்து வெச்சாகணும். அதனால், ஒண்ணுக்கொண்ணு சொந்தமே இல்லாத செடிகள்கூட இலையையோ தண்டையோ குண்டாக்கிக்கிட்டு அண்ணன் தம்பி மாதிரி நிக்கும். நிறத்தையும் நம்ப முடியாது. சாலிகோர்னியாவும் சிவக்கும், சுவேடாவும் சிவக்கும். ஊர்ப் பேரைக் கேட்கலாம்னா, 'உமரி' என்ற ஒரே பேர் இந்த ரெண்டுக்குமே வழங்குது!

கிட்டப் போய்ப் பாருங்க. சாலிகோர்னியாவில் இலைன்னு சொல்ல ஒண்ணுமே தெரியாது. சின்னச் சின்னக் கணுவா, மணி கோத்த மாதிரி தண்டு; கிளைகள் எதிரெதிரா ஜோடியா பிரியும். சுவேடாவில் குச்சி மாதிரி உருண்ட இலை நல்லாவே தெரியும், மாறி மாறி அமைஞ்சிருக்கும். பத்தடி தள்ளி நின்னு எடுத்த படத்தில் இது எதுவுமே விழாது. படத்தில் விழாததை எந்த ஆப்பும் பார்க்காது, பாஸ்.

சரி, சுவேடான்னு கண்டுபிடிச்சாச்சு. எந்த சுவேடா? மாரிட்டிமாவா, மோனோய்க்காவா, நியூடிஃப்ளோராவா? ஆள் உயரத்துக்கு நிக்கிற புதர்னா மோனோய்க்கான்னு சந்தேகப்படலாம். மற்றபடி மில்லிமீட்டர் கணக்கில் இருக்கிற பூவையும் விதையையும் லென்ஸில் பார்த்தால்தான் உறுதி. அதனால் 'சுவேடா'ன்னு பேரினத்தோடு நிறுத்திக்கங்க. அது அரைகுறை பதில் இல்லை, அந்தப் படத்துக்கு அதுதான் முழு பதில். ஆப் ஒரு முழுப் பேரை நீட்டுதேன்னு மயங்காதீங்க. தனக்குக் கற்றுக் கொடுத்த படங்களில் இருக்கிற இனங்களில் இருந்துதான் அது தேர்ந்தெடுக்கும். நம்ம ஊர் செடி அந்தப் பட்டியலிலேயே இல்லைன்னா, அதன் தூரத்துச் சொந்தக்காரரைக் கூட்டிக்கிட்டு வந்து நிறுத்தும்.

'தப்பா இருந்தால் என்ன, காலேஜ் புராஜெக்ட்தானே?' இங்கேதான் மேட்டரே இருக்கு. கலிஃபோர்னியாவில் 2008-ல் மாணவர் புராஜெக்டா ஆரம்பிச்ச ஐநேச்சுரலிஸ்ட்டில், படம், தேதி, இடம் எல்லாம் சரியா இருந்து ரெண்டு பேர் ஒரே இனப் பேரைச் சொல்லிட்டா (வேற யாரும் மறுக்காத வரை) அது 'ரிசர்ச் கிரேடு'. காப்புரிமை தடுக்கலைன்னா அந்தப் பதிவு ஜிபிஃப் என்ற உலகத் தகவல் தொகுப்புக்கும் போயிடும். நீங்க ஆப் சொன்னதை அப்படியே போடுறீங்க, உங்க ரூம்மேட் ஃப்ரெண்ட்ஷிப்புக்காக 'அக்ரி' தட்டுறார். முடிஞ்சது கதை!

மரக்காணத்தில் இது வெறும் பேர்ப் பிரச்னை இல்லை. பக்கத்திலேயே கழுவெளி. கடலோடு தொடர்புள்ள உவர்நீர் ஏரி, 2021-ல் பறவைகள் சரணாலயமா அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் உப்புத் தண்ணி, இன்னொரு பக்கம் நெல் வயல். உப்பு எது வரைக்கும் வந்திருக்குன்னு செடிகளே ஒரு கணக்கு சொல்லும். இப்போ ரெண்டு செடியைப் பாருங்க: செசுவியம் போர்ச்சுலகாஸ்ட்ரம், ட்ரையாந்தீமா போர்ச்சுலகாஸ்ட்ரம். பேரிலேயே வம்பு! முதலாவது உப்பு நிலத்தில் படர்வது. ரெண்டாவது நம்ம சாரணை. வயலிலும் ரோட்டோரத்திலும் வளர்ற சாதாரணக் களை. வயல் வரப்புச் சாரணையை யாரோ செசுவியம்னு பதிவு பண்ணி, இன்னொருத்தர் அக்ரியும் தட்டிட்டா, உப்பு வயலுக்கே வந்துடுச்சுன்னு வரைபடம் பொய் சொல்லும். நிஜமாவே உப்பு ஏறும்போது அதை யார் நம்புவாங்க?

பிரிச்சுப் பார்ப்பது ஒண்ணும் கஷ்டம் இல்லை. சாரணையில் ஜோடி இலைகளில் ஒண்ணு பெரிசு, ஒண்ணு சிறிசு, இலை அகலம். பூவுக்குக் காம்பு கிடையாது, இலைக்காம்பின் உறைக்குள்ளேயே பாதி ஒளிஞ்சிருக்கும். செசுவியத்தில் இலை ஒடுங்கி, தடிச்சு இருக்கும். ரோஸ் கலர்ப் பூ தனிக் காம்பில் வெளியே நிற்கும். ஆக, பூவை மேலே இருந்து மட்டும் எடுத்தால் வேஸ்ட். பக்கவாட்டில் ஒண்ணு எடுங்க, காம்பு தெரியணும்.

அப்படியே மற்றதையும் சொல்லிடறேன். செடி நிற்கிற இடத்தோடு சேர்த்து ஒரு படம், கிளையில் இலை எப்படி அமைஞ்சிருக்குன்னு ஒண்ணு, பூ அல்லது காய் கிட்டத்தில் ஒண்ணு. அளவு தெரிய பக்கத்தில் பேனா மூடி. போன் பின்னாடி இருக்கிற உப்பை ஃபோகஸ் பண்ணி அடம் பிடிச்சால், செடிக்குப் பின்னால் உள்ளங்கையை வைங்க, வழிக்கு வந்துடும். மத்தியான வெயிலில் உப்பின் கூச்சத்துக்குச் செடி கறுத்துப் போகும், காலையிலேயே போங்க. வேலை செய்றவங்ககிட்ட 'அண்ணே, அக்கா, வரப்பில் நடக்கலாமா?'ன்னு கேட்டுட்டு இறங்குங்க. பாத்தியில் கால் வைக்கவே கூடாது, அவங்க உழைப்பு அது. அவங்க சொல்ற ஊர்ப் பேரையும் குறிச்சுக்கங்க. செடியைப் பிடுங்க வேண்டாம். ஆப் 'கீரை'ன்னு சொல்லுச்சுன்னு எதையும் வாயில் போடவும் வேண்டாம்!

சந்தேகம் வந்தால், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி ராபினட் ஹெர்பேரியத்தைத் தொடங்கிய ஃபாதர் கே.எம். மேத்யூ எழுதிய 'தி ஃப்ளோரா ஆஃப் தி தமிழ்நாடு கர்நாட்டிக்' உங்க தாவரவியல் துறை லைப்ரரியில் இருக்கான்னு கேளுங்க. கோட்டோவியங்களுக்கே தனித் தொகுதி உண்டு. காம்பு, கணு எல்லாம் போட்டோவைவிடத் தெளிவா இருக்கும்.

வடகிழக்குப் பருவமழை வந்ததும் உப்பள வேலை நின்னு, பாத்தியெல்லாம் தண்ணிக்குள் போயிடும். தண்ணி வடிஞ்சதும் அதே வரப்பில், அதே இடத்தில் நின்னு இன்னொரு செட் எடுங்க. முதலில் பூ இல்லாமல் 'சுவேடா'வோடு நிறுத்தினோமே, அந்தச் செடி அப்போ பூத்திருக்கலாம்.