டெங்கு இல்லை என்றால் ஆபத்தும் இல்லையா? நாம் பெயர் சொல்லாத செப்சிஸ்

மௌத்து வீட்டுக்குப் போனால் நாம் முதலில் கேட்பது, "என்ன வருத்தம்?" என்றுதான். பதில்கள் பலவாறாக வரும். "காய்ச்சல்தான், மூன்று நாளில் எல்லாம் முடிந்துவிட்டது." "நெஞ்சில் சளி கட்டி நியூமோனியா." "சீனி வருத்தம், காலில் புண் இருந்தது." "யூரினில் கிருமி, பிறகு கிட்னி இரண்டும் வேலை செய்யவில்லை." கேட்பவருக்கு இவை நான்கு வெவ்வேறு நோய்கள். ஆனால் இத்தகைய மரணங்கள் பலவற்றில் கடைசியாக நடந்தது ஒன்றுதான். மருத்துவ உலகம் அதற்கு வைத்திருக்கும் பெயர் செப்சிஸ். "கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது" என்று வைத்தியர் சுருக்கமாகச் சொல்லியிருப்பார். அந்தச் சொல் அவரோடும் படுக்கைச் சீட்டோடும் நின்றுவிடும். ஊருக்கு வந்து சேர்வதில்லை.

நான் ஒரு பாடசாலை ஆசிரியர், வைத்தியத்துறை என்னுடையதல்ல. ஆனால் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், எதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டிருக்கிறோம் என்பது என் தொழிலோடு தொடர்புடைய கேள்வி. அந்த இடத்தில் நின்றே இதை எழுதுகிறேன்.

செப்சிஸ் என்பது தனியொரு கிருமியின் பெயரல்ல. உடலில் எங்கோ ஓரிடத்தில் தொற்று ஏற்படுகிறது. அது நுரையீரலாக இருக்கலாம், சிறுநீர்ப் பாதையாக இருக்கலாம், முழங்கையில் ஏற்பட்ட ஒரு சிராய்ப்பாகவும் இருக்கலாம். அந்தத் தொற்றை எதிர்க்கப் புறப்பட்ட உடலின் பாதுகாப்புச் சக்தி கட்டுப்பாட்டை இழந்து, தன் சொந்த உறுப்புகளையே தாக்கத் தொடங்குகிறது. இரத்த அழுத்தம் விழுகிறது, சிறுநீரகம் நின்றுபோகிறது, மூச்சு திணறுகிறது, மூளை தடுமாறுகிறது. பெரும்பாலும் பக்டீரியாவால் வருவது. கொரோனா போன்ற வைரஸ்களாலும் வரும்.

இது எவ்வளவு பரவலானது? 2020இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான உலகளாவிய ஆய்வின் கணிப்பின்படி, 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 4 கோடி 89 இலட்சம் பேருக்கு செப்சிஸ் ஏற்பட்டது. 1 கோடி 10 இலட்சம் பேர் அதனோடு தொடர்புபட்டு மரணித்தனர். அந்த ஆண்டு உலகில் நிகழ்ந்த ஐந்து மரணங்களில் ஒன்று என்ற கணக்கு இது. நோய்க்குள்ளானோரில் 2 கோடிக்கும் அதிகமானோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். பாதிப்பின் பெரும்பகுதி நமது நாட்டைப் போன்ற, பணக்கார நாடுகள் அல்லாத தேசங்களில்தான்.

அப்படியானால் இலங்கையின் கணக்கு எங்கே? சுகாதார அமைச்சின் வருடாந்த அறிக்கைகளில் அரச வைத்தியசாலைகளில் நிகழும் மரணங்களுக்கான முக்கிய காரணங்கள் வரிசைப்படுத்தப்படுகின்றன. இதய நோய், புற்றுநோய் ஆகியவற்றை நாம் எதிர்பார்ப்போம். அவற்றுக்கு அருகிலேயே, பல ஆண்டுகளாக, "விலங்குவழி மற்றும் ஏனைய பக்டீரியா நோய்கள்" என்றொரு தலைப்பு முன்வரிசையில் நிற்கிறது. வாசிப்பவருக்கு நாய், பூனை, மாடு ஞாபகத்துக்கு வரும். ஆனால் சர்வதேச நோய் வகைப்பாட்டின்படி இரத்தத்தில் கிருமி பரவிய மரணங்கள் பதியப்படுவது இந்தத் தலைப்பின் கீழேதான். நியூமோனியாவில் தொடங்கி செப்சிஸில் முடிந்த மரணம் நியூமோனியா என்றும், சிறுநீரகம் செயலிழந்து முடிந்தது சிறுநீரக நோய் என்றும் வேறு பட்டியல்களில் ஏறிவிடக்கூடும். ஆக, நாட்டின் பெருங்கொலையாளிகளில் ஒன்று அந்த முன்வரிசைத் தலைப்புகளில் தன் சொந்தப் பெயரில் இல்லை.

"இது கிராமத்து ஏழைகளின் பிரச்சினை, நகரத்தில் வைத்தியசாலை பக்கத்திலேயே இருக்கிறது" என்று நினைப்பவர்கள் உண்டு. நகரம்தான் செப்சிஸ் வருவதற்கு ஏதுவான ஆட்களை ஓரிடத்தில் குவித்து வைத்திருக்கிறது. நீரிழிவாளர்கள், வயது முதிர்ந்தவர்கள், டயலிசிஸ் செய்பவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கே ஆபத்து அதிகம். கொழும்பு நகரில் செய்யப்பட்ட ஆய்வொன்றில் வயது வந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் நீரிழிவு இருப்பது தெரியவந்தது. நமது வீடுகளில் இதை ஆய்வு சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, தேநீர் ஊற்றும்போது "சீனி போடவா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டோம். நீரிழிவுக்காரரின் காலில் ஏற்படும் சிறு புண் சிறு புண்ணல்ல என்பதை இன்னும் பலர் உணரவில்லை.

இந்த விடயத்தில் உலகம் கவனித்துப் பார்த்த இடம் நியூயோர்க். அங்கே இது தொடங்கியது ஒரு பாடசாலையில் என்பதால் எனக்கு அது இரட்டிப்பு முக்கியம். 2012 மார்ச் இறுதியில், நியூயோர்க் நகரின் குயின்ஸ் பகுதியைச் சேர்ந்த ரோரி ஸ்டோன்டன் என்ற 12 வயது மாணவன் பாடசாலை உடற்பயிற்சி அரங்கில் பந்துக்குப் பாய்ந்து விழுந்து முழங்கையில் சிராய்த்துக்கொண்டான். பிளாஸ்டர் ஒட்டப்பட்டது. இரவோடு காய்ச்சல், வாந்தி, கால்வலி. பிள்ளை வைத்தியரிடம் காட்டப்பட்டான், பெரிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் கொண்டு போகப்பட்டான். வயிற்றுக் கோளாறு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அபாயத்தைக் காட்டிய இரத்தப் பரிசோதனை முடிவு அவன் வெளியேறிய பின்னரே வந்தது. அது பெற்றோரைச் சென்றடையவில்லை. ஏப்ரல் 1ஆம் திகதி அவன் மரணித்தான். உலகின் மிகச் செல்வம் மிக்க நகரங்களில் ஒன்றில், வைத்தியசாலைகள் நிறைந்த ஒரு நகரில், இது நடந்தது.

பெற்றோர் அழுதுவிட்டு அமைதியாகவில்லை. 2013இல் நியூயோர்க் மாநிலம் அந்தப் பிள்ளையின் பெயராலேயே அழைக்கப்படும் ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வைத்தியசாலையும் செப்சிஸைக் கண்டறியவும் சிகிச்சையளிக்கவும் எழுத்திலான நடைமுறை வைத்திருக்க வேண்டும். கிருமியைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனை, லக்டேட் பரிசோதனை, அன்டிபயோடிக் மருந்து ஆகிய மூன்றும் மூன்று மணித்தியாலத்துக்குள் நடக்க வேண்டும். நோயாளர் விபரங்களை மாநிலத்துக்கு அறிக்கையிட வேண்டும். பிள்ளையின் முக்கியமான பரிசோதனை முடிவுகளை வைத்தியர் பார்த்து பெற்றோருக்குச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

பலன் என்ன? 149 வைத்தியசாலைகளில் 49,331 நோயாளர்களை ஆராய்ந்த ஆய்வு 2017இல் வெளியானது. அந்த மூன்று வேலைகளும் முடிவதற்கு ஒவ்வொரு மணித்தியாலம் தாமதமாகும்போதும் மரணத்துக்கான வாய்ப்பு சுமார் 4 சதவீதம் கூடியிருந்தது. 2019இல் வந்த இன்னோர் ஆய்வின்படி, விதிகளுக்கு முன் அம்மாநிலத்தில் செப்சிஸ் நோயாளர் நூறு பேரில் 26 பேர் மரணித்தனர்; பின்னர் அது 22 ஆகக் குறைந்தது. அக்காலத்தில் ஒப்பிடப்பட்ட வேறு மாநிலங்களிலும் மரணம் குறைந்தது உண்மையே. ஆனால் வேறுபாடுகளைச் சரிசெய்து பார்த்தபோது, நியூயோர்க்கின் குறைவு அவற்றைவிட அதிகம். நூறு பேரில் நான்கு உயிர் என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம். நியூயோர்க் மாநிலத்தின் சனத்தொகை சுமார் 2 கோடி. நமது நாட்டினதும் ஏறத்தாழ அதுவே.

நமது நகரங்களில் அந்த மணித்தியாலங்கள் எங்கே தொலைகின்றன? முதல் நாள் பனடோலோடு வீட்டில். இரண்டாம் நாள் பாமசியில் கேட்டு வாங்கிய நான்கு கெப்ஸ்யூலோடு. அன்று மாலை சனல் இலக்கம் 38ஐப் பிடித்துக்கொண்டு வாங்கில். இரவு ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வாகனத்தில். ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டுதான் இருக்கிறார். ஆனால் கடிகாரத்தைப் பார்ப்பது யாருடைய பொறுப்பும் இல்லை.

இன்னொரு பொறியும் நமக்கென்றே உண்டு. காய்ச்சல் என்றாலே இரத்தம் சோதிக்கிறோம், பிளேட்லட் எண்ணிக்கை பார்க்கிறோம். நல்ல பழக்கம். 2017இல் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேர் டெங்கு நோயாளராகப் பதிவான நாட்டில் அந்தப் பழக்கம் பல உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் "டெங்கு இல்லை" என்ற ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வீடே நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. அந்தத் துண்டு சொல்வது டெங்கு இல்லை என்பதை மட்டுமே. ஆபத்து இல்லை என்பதை அல்ல. காய்ச்சல்காரர் உளறத் தொடங்கினால், மூச்சு வாங்கினால், நாள் முழுக்கச் சிறுநீர் போகாவிட்டால், எந்த ரிப்போர்ட்டும் ஆறுதலாகாது.

இங்கே நியாயமான ஒரு எதிர்வாதம் உண்டு. எல்லாக் காய்ச்சலையும் செப்சிஸ் என்று பயந்தால் எல்லோருக்கும் அன்டிபயோடிக் ஏற்றப்படும். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகும் என்பது அது. 2019இல் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் மரணங்களுக்கு அத்தகைய கிருமிகளே நேரடிக் காரணம் என்று கணிக்கப்பட்டுள்ளது. ஆகவே இந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் நியூயோர்க் விதியில் மருந்துக்கு முன் இரத்த மாதிரி எடுக்கப்படுகிறது. முடிவு வந்ததும் மருந்தை மாற்றலாம், தேவையில்லையென்றால் நிறுத்தலாம். நமது பாமசி வழக்கம் இதற்கு நேர் எதிரானது. வைத்தியரின் துண்டு இல்லாமல், தேவையற்றவருக்கு அரைகுறை மருந்து. உண்மையில் தேவைப்படுபவருக்குத் தாமதம். இரண்டு தீங்கையும் ஒரே நேரத்தில் செய்கிறோம்.

இலங்கையால் இதைச் செய்ய முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரசவத்தோடு தொடர்புடைய ஒவ்வொரு தாயின் மரணத்தையும் தனித்தனியாக விசாரித்து, எங்கே தவறியது என்று மேசையில் வைத்துப் பேசும் வழக்கம் இந்த நாட்டுச் சுகாதாரத் துறைக்கு நெடுங்காலமாக உண்டு. அதனால்தான் தாய் மரணத்தில் நாம் அயல்நாடுகளைவிட வெகு முன்னே நிற்கிறோம். அதே முறையை செப்சிஸுக்கும் கொண்டுவருவது புதிய கட்டடம் கேட்கும் வேலையல்ல. முதலில் பெரிய நகர வைத்தியசாலைகளில் தொடங்கலாம்: செப்சிஸ் என்று தனியான பதிவு, நோயாளி வாசலுக்கு வந்த நேரம், முதல் மருந்து ஏற்றிய நேரம். தனியார் வைத்தியசாலைகளும் அதே படிவத்தை நிரப்ப வேண்டும். உலக சுகாதார சபை 2017 மே மாதம் நிறைவேற்றிய தீர்மானம் உறுப்பு நாடுகளிடம் கேட்பதும் ஏறத்தாழ இதைத்தான். நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் சுகாதார அமைச்சின் செலவினத் தலைப்பு விவாதத்தில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இது.

பாடசாலைகளின் பங்கும் உண்டு. 2017இல் நியூயோர்க் மாநிலம் செப்சிஸ் பற்றிய அறிவைப் பாடசாலைகளுக்குள் கொண்டுவரத் தனிச் சட்டமே இயற்றியது. நம்மிடம் ஆறாம் தரத்திலிருந்து சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடம் ஏற்கனவே இருக்கிறது. அதில் இரண்டு பக்கம் போதும். விளையாட்டுப் போட்டிக் காலத்தில் முதலுதவிப் பெட்டி திறக்கும் ஆசிரியர், பிளாஸ்டர் ஒட்டுமுன் காயத்தை ஓடும் நீரில் நன்றாகக் கழுவுவதும், வீட்டுக்கு ஒரு வரி எழுதி அனுப்புவதும் செலவில்லாத காரியங்கள். டெங்குச் சிரமதானத்துக்கு ஊரைத் திரட்டிய பள்ளிவாசல் நிர்வாகங்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் இந்த அறிவையும் வீடுகளுக்குக் கொண்டு போகலாம். "பிளேட்லட்" என்ற சொல்லை உம்மம்மாமார் வரை கொண்டு சேர்த்த சமூகத்துக்கு "செப்சிஸ்" கடினமான சொல்லல்ல.

வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய அடையாளங்கள் இவை: பேச்சுத் தடுமாற்றம் அல்லது குழப்பம், அடக்க முடியாத நடுக்கம், நாள் முழுக்கச் சிறுநீர் போகாமை, கடுமையான மூச்சுத்திணறல், தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறுதல் அல்லது வெளிறுதல். குழந்தையென்றால், எழுப்பக் கடினமாக இருப்பது, வேகமாக மூச்சு விடுவது, கை கால் சில்லிடுவது, பால் குடிக்க மறுப்பது. தொற்றோ காய்ச்சலோ உள்ள ஒருவரிடம் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும் வரை காத்திருக்கக்கூடாது. 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். போனதும் முதல் வைத்தியரிடம் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "டொக்டர், இது செப்சிஸாக இருக்குமா?" அவர் இல்லையென்று சொன்னால், ஏன் என்று அவரே விளக்குவார். ஆம் என்றால், அந்தக் கேள்வி மிச்சப்படுத்திய நேரம் நோயாளிக்குக் கிடைத்த நேரம்.